அன்னா ஹம்மிங்பேர்ட்: பால்கனியில் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

கலிபோர்னியாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் முதல் வருடத்திலேயே இது நடந்துவிடும். காலையில் காபி டம்ளரோடு பால்கனியில் நிற்கும்போது பெரிய வண்டு ஒன்று காதோரம் உறுமிவிட்டுப் போகும். திரும்பிப் பார்த்தால் வண்டு இல்லை, பறவை. கலங்கலாக ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "இது என்ன குருவி? நம்ம ஊர் தேன்சிட்டா?" என்று கேட்பார்கள். சான் ஹோசே பக்கம் இருந்துகொண்டு பல வருடமாக இந்தக் குருவியைப் பார்த்து வருவதால் கேள்வி கடைசியில் என்னிடம் வந்து சேரும். திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதற்குப் பதில் எல்லாவற்றையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

நான் பார்த்தது தேன்சிட்டா, ஹம்மிங்பேர்டா?

அமெரிக்காவில் பார்த்திருந்தால் அது தேன்சிட்டு இல்லை. தேன்சிட்டுகள் ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா பக்கத்துப் பறவைகள். ஹம்மிங்பேர்ட் வட, தென் அமெரிக்கக் கண்டங்களில் மட்டும் உண்டு. தமிழில் ஓசனிச்சிட்டு என்றும் ரீங்காரச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள். இரண்டுமே நல்ல பெயர்கள்தான், ஆனால் பேச்சில் எல்லோரும் ஹம்மிங்பேர்ட் என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். சின்ன உடம்பு, நீண்ட அலகு, வெயிலில் மினுங்கும் இறகு, வாய் எப்போதும் பூவில். ஆனால் செம்பருத்திச் செடிக்கு வரும் நம்மூர் ஊதாத் தேன்சிட்டை நினைத்துப் பாருங்கள். கிளையைப் பற்றிக்கொண்டு, உடம்பை வளைத்து, தலைகீழாகத் தொங்கியாவது தேனைக் குடிக்கும். எப்போதாவது ஒரு நொடி அந்தரத்தில் நின்று பார்க்கும், அவ்வளவுதான். ஹம்மிங்பேர்டுக்கு அந்தரமே திண்ணை. பூவின் முன்னால் காற்றில் நின்றபடி குடித்து, பின்னோக்கிப் பறந்து அலகை உருவி, அடுத்த பூவுக்குப் போகும். அலகும் வேறு: தேன்சிட்டுக்குக் கீழ்நோக்கி வளைந்திருக்கும், இங்கே நாம் பேசும் அன்னா என்கிற ஹம்மிங்பேர்ட் இனத்துக்கு ஊசிபோல நேராக இருக்கும்.

இரண்டும் சொந்தம் கூடக் கிடையாதா?

தூரத்துச் சொந்தம்கூட இல்லை. பூந்தேன் குடிக்கும் ஒரே தொழில் இரண்டையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டது. தேன்சிட்டு, காகத்தையும் சிட்டுக்குருவியையும் போல மரத்தில் அடையும் பாடும் பறவைகளின் பெருங்கூட்டத்தைச் சேர்ந்தது. ஹம்மிங்பேர்டின் நெருங்கிய உறவு உழவாரன். ஆமாம், பனைமரத்தைச் சுற்றி நாள் முழுக்க இறங்காமல் பறக்குமே, அந்தப் பனை உழவாரன்தான் இதற்குப் பங்காளி. இருவருக்கும் கால் பெயருக்குத்தான் இருக்கிறது. ஹம்மிங்பேர்ட் கிளையில் உட்காரும், ஆனால் அதே கிளையில் இரண்டு அடி நகர வேண்டுமென்றாலும் பறந்துதான் போகும். நடக்க வராது.

இதில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் சுமார் 3 கோடி ஆண்டுப் பழமையான ஹம்மிங்பேர்ட் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. 2004-இல் புதைபடிவ ஆய்வாளர் ஜெரால்ட் மயர் அவற்றை விவரித்து எழுதினார். ஆக, ஒரு காலத்தில் அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் இவை இருந்திருக்கின்றன. இப்போது ஒன்றுகூட இல்லை.

சரி, அது அன்னாதான் என்று எப்படி உறுதி செய்வது?

ஊர், மாதம், சத்தம், நிறம். இந்த வரிசையில் யோசியுங்கள். எல்லோரும் நிறத்தில் தொடங்குவதால்தான் குழம்புகிறார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலோ சியாட்டிலிலோ டிசம்பர் மாதக் குளிரில் ஒரு ஹம்மிங்பேர்டைப் பார்த்தீர்கள் என்றால், மற்ற எதையும் பார்க்காமலே அன்னா என்று சொல்லிவிடலாம், பெரும்பாலும் சரியாக இருக்கும். மற்ற இனங்கள் பெரும்பாலும் குளிருக்கு முன் தெற்கே கிளம்பிவிடும். இது மட்டும் வருடம் முழுக்க இருக்கும்.

அளவில் சுமார் 10 சென்டிமீட்டர், எடை 4 கிராம் சொச்சம். அமெரிக்க 5 சென்ட் நாணயமான நிக்கலின் எடை 5 கிராம், இந்தப் பறவை அதைவிடக் குறைவு. ஹம்மிங்பேர்ட் கணக்கில் இது கொஞ்சம் குண்டுதான். முதுகு பச்சை, வயிறு அழுக்குச் சாம்பல். ஆணுக்குத் தொண்டை மட்டுமல்ல, உச்சந்தலை வரை ரோஜாச் சிவப்பு. மேற்குக் கரைத் தோட்டங்களுக்கு வருகிற மற்ற ஆண் பறவைகளுக்குத் தொண்டையில் மட்டும் நிறம் இருக்கும், உச்சி பச்சையாகவோ பழுப்பாகவோ இருக்கும். பாலைவனப் பக்கத்துக் கோஸ்டா இனம் ஒன்றுதான் விதிவிலக்கு. அதற்கும் தலை முழுக்க நிறம் உண்டு, ஆனால் அது ஊதா. தொண்டை இறகு இரண்டு பக்கமும் முறுக்கு மீசைபோல நீண்டு இறங்கும்.

சிவப்பு என்கிறீர்கள், நான் பார்த்ததில் தலை கறுப்பாகத்தான் இருந்தது?

அதுவும் அன்னாவாகவே இருக்கும். இந்தச் சிவப்பு சாயத்தில் வருவது இல்லை. பட்டுப்புடவையில் மயில்கழுத்து நிறம் பார்த்திருப்பீர்கள், மடிப்பைத் திருப்பினால் பச்சை நீலமாகும். அங்கே இரண்டு நிற நூல், இங்கே நூல்கூடக் கிடையாது, வெறும் அமைப்பு. இறகுக்குள் தட்டையான நிறமித் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, அவற்றுக்குள் நுண்ணிய காற்றுக் குமிழ்கள். ஒளி அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது குறிப்பிட்ட கோணத்தில் நிற்பவருக்கு மட்டும் சிவப்பு பளிச்சிடும். கோணம் தவறினால் கறுப்பு, அல்லது மந்தமான பழுப்பு.

எங்கள் வீட்டு எதிரே ஒரு மொட்டைக் கிளையில் தினமும் ஒரு ஆண் உட்காரும். எட்டு மணி வெயில் என் முதுகுப் பக்கமிருந்து போகும். அது தலையை இடமிருந்து வலமாகத் திருப்பும்போது கரித்துண்டு, கங்கு, மறுபடி கரித்துண்டு. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா முதல் தடவை பார்த்துவிட்டு, "உள்ள பல்பு வச்சிருக்கா?" என்று கேட்டார். அதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

பார்க்க ஆசை என்றால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். வெயிலைப் பார்த்து நின்றுகொண்டு நிறம் தெரியவில்லை என்று சொன்னால் நான் என்ன செய்வது?

பெண் பறவை எப்படி இருக்கும்?

பச்சை முதுகு, சாம்பல் வயிறு, வாலின் ஓர இறகுகளின் நுனியில் வெள்ளைப் பொட்டு. தொண்டை நடுவில் குங்குமம் சிந்தியதுபோலச் சின்னதாக ஒரு சிவப்புத் திட்டு பல பெண் பறவைகளுக்கு இருக்கும். அது தெரிந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. தலையில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் சிவப்பு இருந்தால் அது பெண் இல்லை, மீசை முளைக்கிற வயதில் இருக்கும் ஆண்.

பெண் பறவைகளில்தான் எல்லோரும் சறுக்குவார்கள். கறுந்தாடை ஹம்மிங்பேர்டின் பெண்ணும் கிட்டத்தட்ட இப்படியே இருக்கும். அப்போது வாலைக் கவனியுங்கள். கறுந்தாடை அந்தரத்தில் நிற்கும்போது வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும், அன்னா பெரும்பாலும் வாலை அசைக்காமல் பிடித்திருக்கும்.

நெற்றி மஞ்சளாக இருந்ததே, வேறு இனமா?

மகரந்தம். பூவுக்குள் தலையை விட்டுவிட்டு வந்திருக்கிறது. திருநீறு பூசியவர் எல்லாம் ஒரே ஊரில்லையே, அதுபோல இதை வைத்து இனம் பிரிக்க முடியாது.

செம்மண் நிறத்தில் ஒன்று வந்தது, அது?

அது அன்னா இல்லை. மனப்பாடம் செய்துகொள்ள எளிய விதி: அன்னாவின் உடம்பில் ஆரஞ்சோ செம்பழுப்போ ஒரு பொட்டுக்கூடக் கிடையாது. விலாவில், வாலில் அந்த நிறம் தெரிந்தால் அது ஆலன் அல்லது ரூஃபஸ் என்கிற வேறு ஹம்மிங்பேர்ட் இனம். ஆலன் ஆணுக்கு முதுகு பச்சை. ரூஃபஸ் ஆணுக்குப் பெரும்பாலும் முதுகும் செம்மண் நிறம்தான். வளைகுடாப் பகுதியில் ஆலன் ஜனவரி கடைசி, பிப்ரவரியில் வந்து இறங்கும். ரூஃபஸ் இன்னும் வடக்கே, அலாஸ்கா வரை போகும் வழிப்போக்கன். இந்த இரண்டின் பெண்களையும் தோட்டத்தில் நின்று பிரித்தறிவது அனுபவஸ்தர்களுக்கே கஷ்டம். "ஆலன் அல்லது ரூஃபஸ்" என்று எழுதிவைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு வருவது?

செந்தொண்டை ஹம்மிங்பேர்ட். கிழக்குப் பகுதியில் கூடு கட்டுவது அந்த ஒரே இனம். ஏப்ரல் கடைசியில் வந்து செப்டம்பர் வாக்கில் கிளம்பிவிடும். ஆணுக்குத் தொண்டை சிவப்பு, உச்சந்தலை பச்சை.

"அண்ணா" என்று ஏன் பெயர்?

அண்ணா இல்லை, அன்னா. இந்தக் கேள்வியைக் கிண்டலுக்கும் கேட்கிறார்கள், நிஜமாகவும் கேட்கிறார்கள். பிரெஞ்சு இயற்கையியலாளர் ரெனே லெஸ்ஸோன் 1829-இல் இந்த இனத்துக்கு அறிவியல் பெயர் வைத்தார். ரிவோலி கோமகனின் மனைவி அன்னா மஸ்ஸெனாவைக் கௌரவிக்க வைத்த பெயர் அது. கணவர் பெரிய பறவைச் சேகரிப்பாளர், அவர் பெயரிலும் ரிவோலி ஹம்மிங்பேர்ட் என்று ஒன்று உண்டு. பாரிஸ் அரண்மனைச் சீமாட்டிக்கும் கலிபோர்னியக் குருவிக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் கிடையாது. இந்த மாதிரி மனிதர் பெயர்களை மாற்றப்போவதாக அமெரிக்கப் பறவையியல் கழகம் 2023 நவம்பரில் அறிவித்தது. என்னைக் கேட்டால், இவ்வளவு சத்தம் போடுகிற பறவைக்குச் சத்தத்தை வைத்தே ஒரு பெயர் கொடுக்கலாம்.

அப்படி என்ன சத்தம்?

வாயில் ஒன்று, இறக்கையில் ஒன்று, வாலில் ஒன்று.

இறக்கைச் சத்தம் நீங்கள் வண்டு என்று நினைத்த அந்த ரீங்காரம். நொடிக்கு 40 முதல் 50 தடவை அடித்தால் அப்படித்தான் கேட்கும். பறந்துகொண்டே "சிக், சிக்" என்று கல்லில் கல் உரசுவதுபோலக் குரல் கொடுக்கும். அதைக் காது பழகிவிட்டால், பறவை கண்ணில் படும் முன்பே வந்துவிட்டது என்று தெரியும்.

ஆண் பாடவும் செய்யும். அதைப் பாட்டு என்று ஒப்புக்கொள்ளச் சிலருக்கு மனம் வராது. எண்ணெய் காணாத கீல் ஒன்றை யாரோ விடாமல் ஆட்டுகிறார்கள் என்று தோன்றும், பத்து நொடிக்கு மேலும் நீளும். ஆனால் அது பிறவியிலேயே வருகிற குரல் இல்லை, மற்ற ஆண்களைக் கேட்டுக் கற்றுக்கொள்வது. பறவைகளில் இப்படிக் கேட்டுக் கற்பவை மூன்று கூட்டங்கள்தான்: பாடும் பறவைகள், கிளிகள், ஹம்மிங்பேர்டுகள். பறவைகளை அடையாளம் காட்டும் மெர்லின் என்ற போன் செயலியில் ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் வசதியும் உண்டு. அன்னாவை அது நன்றாகவே பிடிக்கிறது.

வாலில் சத்தமா?

இந்தப் பறவையிடம் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான், கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

குளிர்காலத்தில் ஒரு பெண் பறவையோ, போட்டிக்கு வந்த இன்னொரு ஆணோ, சில சமயம் பேசாமல் நடந்து போகிற நீங்களோ புதருக்கு அருகில் இருந்தால், ஆண் எதிரில் வந்து கொஞ்ச நேரம் நின்று முறைக்கும். பிறகு நேராக மேலே ஏறும். 30 மீட்டர், அதற்கு மேலும் போகும். அண்ணாந்து பார்த்தால் வானத்தில் ஒரு மிளகு. அங்கிருந்து கீழே பாயும். உங்கள் தலைக்கு மேல் வந்து வளைந்து எழும்புகிற அந்தக் கணத்தில் "ட்டீக்!" என்று ஒரு வெடிச்சத்தம். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய ஒலி எப்படி வரும் என்று பலகாலம் வாதம் நடந்தது. தொண்டைதான் என்று பலர் நம்பினார்கள்.

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் கிறிஸ்டோபர் கிளார்க், தெரசா ஃபியோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் இதைத் தீர்த்துவைத்தார்கள். சில ஆண்களைப் பிடித்து வாலின் வெளியோர இறகுகளை எடுத்துவிட்டோ கத்தரித்துவிட்டோ விடுவித்தார்கள். பறவைகள் வழக்கம்போலப் பாய்ந்தன, ஆனால் அந்தச் சத்தம் வரவில்லை. எடுத்த இறகைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து ஊதினார்கள், இறகு தனியாகக் கூவியது. பூவரச இலையைச் சுருட்டி ஊதிய பீப்பி நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட அதே வித்தைதான், விளிம்பு அதிர்கிறது. பாய்ச்சலின் அடியில் வாலை விரித்து மூட ஆகும் நேரம் கண் இமைப்பதைவிடக் குறைவு.

பாயும் வேகம் நொடிக்கு 27 மீட்டர் வரை என்று கிளார்க் பிறகு அளந்தார். உடல் நீளத்தோடு ஒப்பிட்டால் பொரி வல்லூறுவின் பாய்ச்சலையும் மிஞ்சுகிறது. வளைந்து எழும்பும்போது உடம்பில் விழும் விசை புவியீர்ப்பைப்போல் ஒன்பது மடங்கை எட்டுகிறது. வெயில் இருக்கும் நாளில் சூரியன் பக்கம் முகம் இருக்கும்படிப் பாயும், தொண்டைச் சிவப்பு கீழே இருப்பவளுக்கு நன்றாக எரிய வேண்டாமா?

எனவே தலைக்கு மேல் திடீரென்று "ட்டீக்" கேட்டால் உங்களைத் தாக்க வரவில்லை. உங்களை ஒரு பெண் ஹம்மிங்பேர்ட் என்றோ வம்புக்கு வந்தவர் என்றோ எண்ணிவிட்டது.

குளிரில் ஏன் தெற்கே போவதில்லை? செத்துப்போகாதா?

தலைமுறை தலைமுறையாகத் தங்கிப் பழகிய பறவை. 1930-கள் வரை இதன் எல்லை மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வடபகுதியிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா வரை மட்டும்தான். அதன் பிறகு வடக்கே ஆரெகன், வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா என்று ஏறிக்கொண்டே போயிற்று, கிழக்கே அரிசோனாவுக்கும் பரவிற்று. 2017-இல் வான்கூவர் நகரம் இதையே தன் நகரப் பறவையாகத் தேர்ந்தெடுத்தது.

வழி திறந்தது மனிதர்கள்தான். தோட்டங்களில் குளிர்காலத்திலும் பூக்கும் வெளிநாட்டுச் செடிகளை வைத்தார்கள், சர்க்கரைத் தண்ணீர்க் குடுவைகளைத் தொங்கவிட்டார்கள். அந்த வெளிநாட்டுச் செடிகளில் முக்கியமானது யார் தெரியுமா, நம்ம தைலமரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்த அதே யூகலிப்டஸை 1850-களிலிருந்து கலிபோர்னியாவிலும் நட்டார்கள். ஊட்டியில் அந்த மரத்தைத் திட்டுகிறோம், இங்கேயும் திட்டுபவர்கள் உண்டு. அன்னாவுக்கோ பூ இல்லாத மாதத்தில் திறந்திருக்கிற மெஸ் அது.

இரவில் என்ன செய்யும்? ஒருநாள் காலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்ததே!

தொடாதீர்கள். செத்துப்போகவில்லை, மரத்துப்போயிருக்கிறது. பகலில் ஐந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எதையாவது குடித்துக்கொண்டே இருக்கிற உடம்பு அது. குளிர் இரவில் அதே சூட்டோடு இருந்தால் விடிவதற்குள் எரிபொருள் தீர்ந்துவிடும். அதனால் உடம்புச் சூட்டை வெளிக்குளிரை ஒட்டி இறக்கி, இதயத்துடிப்பையும் மூச்சையும் குறைத்து, அடுப்பைத் தணலில் வைப்பதுபோல இருந்துவிடும். விழித்து எழ நேரம் பிடிக்கும். முதலில் உடம்பு நடுங்கும், பிறகுதான் இறக்கை விரியும். அந்த நிலையில் கால் பிடி மட்டும் விடாமல் சிலது தலைகீழாகச் சாய்ந்து தொங்குவதுண்டு. வெயில் ஏறட்டும், பறந்துவிடும்.

எங்கள் எலுமிச்சை மரத்தில் கூடு கட்டியிருக்கிறது. எவ்வளவு நாள் இருக்கும்?

முதலில் வாழ்த்துகள், பலர் பக்கத்தில் நின்றும் பார்க்காமல் போகிற பொருள் அது. பாதி எலுமிச்சை மூடி அளவுதான் இருக்கும். பஞ்சும் மெல்லிய இறகும் உள்ளே, சிலந்தி நூல் கட்டுக்கு, வெளிப்பக்கம் மரப்பாசித் துணுக்குகளை ஒட்டி மரக்கணு மாதிரி மாறுவேடம் போட்டிருக்கும். சிலந்தி நூல் இழுத்தால் நீளும் என்பதால், குஞ்சு வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். நம்மூர்த் தேன்சிட்டும் சிலந்தி நூலால்தான் கட்டும், ஆனால் அது தொங்கும் பை, இது உட்காரும் கிண்ணம்.

வெள்ளை முட்டை இரண்டு, மொச்சைக்கொட்டை அளவு. அடைகாப்பது சுமார் 16 நாள், குஞ்சு கூட்டைவிட்டுப் பறக்க இன்னும் மூன்று வாரம் சொச்சம். ஆக ஒன்றரை மாதம் கிளை வெட்டுவதை ஒத்திப்போடுங்கள். மற்றப் பறவைகள் வசந்தத்துக்குக் காத்திருக்கும்போது இது நவம்பர், டிசம்பர் மழையிலேயே கூடு கட்டத் தொடங்கிவிடும் என்பதால்தான் குளிர்காலக் கவாத்தில் பல கூடுகள் போகின்றன. 1918-ஆம் ஆண்டின் வலசைப் பறவைகள் ஒப்பந்தச் சட்டப்படி முட்டையோ குஞ்சோ உள்ள கூட்டை அகற்றுவது குற்றமும்கூட.

அப்பா பறவை எங்கே என்று தேடவேண்டாம். கூடு கட்டுவது முதல் குஞ்சுக்கு ஊட்டுவது வரை எல்லாம் அம்மாதான். ஊட்டுவதைப் பார்த்தால் பயமாக இருக்கும். ஊசி போன்ற அலகைக் குஞ்சின் தொண்டைக்குள் வேர்வரை இறக்கி, தையல் மெஷின் மாதிரிக் குத்தும். குஞ்சுக்கு ஒன்றும் ஆகாது.

சர்க்கரைத் தண்ணீர் எப்படிக் கலக்க வேண்டும்? வெல்லம் உடம்புக்கு நல்லதுதானே?

ஒரு டம்ளர் வெள்ளைச் சீனிக்கு நாலு டம்ளர் தண்ணீர். கரையும்வரை கலக்கி, சூடாக்கியிருந்தால் ஆறவைத்து ஊற்றுங்கள். அவ்வளவுதான் சமையல்.

வெல்லம் வேண்டாம், நாட்டுச் சர்க்கரை வேண்டாம், தேனும் வேண்டாம். தமிழர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் வெள்ளைச் சீனி விஷமாயிற்றே என்று ஒரு மல்லுக்கட்டு நடக்கும். நமக்கு அது எப்படியோ, பூந்தேன் என்பதே பெரும்பாலும் தண்ணீரில் கரைந்த சர்க்கரைதான், சீனிக் கரைசல் அதற்கு மிக அருகில் வருகிறது. வெல்லத்திலும் நாட்டுச் சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து நமக்கு வரம், இந்த உடம்புக்குச் சுமை. தேனைத் தண்ணீரில் கரைத்தால் பூஞ்சை சீக்கிரம் வளரும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, குடுவையில் உள்ள சிவப்பு பிளாஸ்டிக் பூவே போதும்.

கலவையைவிடக் கழுவுவதுதான் முக்கியம். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, குளிரில் வாரம் ஒருமுறையாவது. முதல் வருடம் நானே ஊருக்குப் போன இரண்டு வாரம் குடுவையை அப்படியே விட்டுவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் உள்ளே கலங்கிய நீர், ஓட்டைகளில் கறுப்புப் பூஞ்சை, பக்கத்து மரத்தில் உட்கார்ந்து என்னையே பார்க்கும் ஒரு பெண் பறவை. கழுவ நேரம் இல்லை என்றால் குடுவை வைக்காதீர்கள், ஒரு சால்வியாச் செடி நடுங்கள். சால்வியா தானே கழுவிக்கொள்ளும்.

எறும்பு ஏறுகிறது.

பாட்டி பலகாரத் தூக்கைத் தண்ணீர்த் தாம்பாளத்துக்கு நடுவில் வைப்பாரே, அதே உத்தி. குடுவைக்கு மேல் தொங்கவிட நீர்க்கிண்ணம் கடைகளில் கிடைக்கிறது. கம்பியில் எண்ணெய் மட்டும் தடவாதீர்கள், இறகில் ஒட்டினால் போகாது.

ஒரே ஒரு ஆண் உட்கார்ந்துகொண்டு மற்ற யாரையும் அண்டவிடுவதில்லையே?

அது அவர் கடை. ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது தெரியாதபடி வீட்டின் மறுபக்கம் இன்னொரு குடுவை தொங்கவிடுங்கள். ஒரே ஆளால் இரண்டு கல்லாவில் உட்கார முடியாது.

வெறும் இனிப்பைக் குடித்தே உயிர்வாழுமா?

இல்லை. சின்னப் பூச்சி, கொசு, சிலந்தி எல்லாம் பிடிக்கும். குஞ்சுக்குப் புரதம் வேண்டுமே. சாயங்காலம் கொசுக் கூட்டத்துக்குள் அங்குமிங்கும் வெட்டிவெட்டிப் பறப்பது விளையாட்டில்லை, சாப்பாடு.

இனிப்புச் சுவையிலும் ஒரு கதை இருக்கிறது. பறவைகளுக்குப் பொதுவாக இனிப்பை உணரும் ஏற்பி மரபிலேயே தொலைந்துபோனது. ஹம்மிங்பேர்டின் மூதாதையர், இறைச்சிச் சுவையை உணரும் ஏற்பியை மாற்றியமைத்து இனிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நாக்கும் உறிஞ்சுகுழல் இல்லை. நுனி இரண்டாகப் பிளந்து, ஓரங்கள் விரிந்து மூடித் தேனைச் சிறைபிடித்து இழுக்கின்றன.

மழையில்?

பறந்தபடியே, நனைந்த நாய்போலத் தலையையும் உடம்பையும் உதறும். பெர்க்லியில் அதிவேகக் கேமராவில் எடுத்துப் பார்த்தபோது, அந்த உதறலில் தலை புவியீர்ப்பின் 34 மடங்கு விசைக்கு ஆளாவது தெரிந்தது. உதறி முடித்துவிட்டு அடுத்த பூவுக்குப் போய்விடும்.

ஊட்டியில் ஹம்மிங்பேர்ட் என்று ஒரு வீடியோ வந்ததே?

இந்தியாவில் காட்டில் ஹம்மிங்பேர்ட் கிடையாது. வீடியோவில் இருப்பது தேன்சிட்டு, அல்லது பூவின் முன் அந்தரத்தில் நின்று நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டும் பருந்து அந்துப்பூச்சி. தலையில் இரண்டு உணர்கொம்பு தெரிகிறதா என்று நிறுத்திப் பாருங்கள். கலிபோர்னியாவிலும் அந்தி நேரத்தில் இதே பூச்சிக் குடும்பம் ஹம்மிங்பேர்ட் வேஷம் போடுவதுண்டு, நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

போன வருடம் வந்ததே திரும்ப வருகிறதா? எத்தனை வருடம் வாழும்?

காலில் வளையம் போட்டு விட்டுத் திரும்பப் பிடித்த ஒன்று 8 வயதைத் தாண்டியிருந்தது. பெரும்பாலானவை அவ்வளவு நாள் இருப்பதில்லை. வளையம் இல்லாத பறவையை அதே பறவை என்று சத்தியம் செய்ய வழியில்லை. எங்கள் எதிர்மரத்து மொட்டைக் கிளையில் நாலு குளிர்காலமாக ஓர் ஆண் உட்காருகிறது, எட்டு மணிக்குத் தலையைத் திருப்புகிறது. அம்மா போனில் "அந்த பல்புக்காரன் வந்துட்டானா?" என்று கேட்பார். வந்துவிட்டான் என்று சொல்கிறேன்.